பழைய ஆட்டோவிலிருந்து பக்கி: லட்ச ரூபாய்க்குள் முடியுமா?

கேள்வி, 6 மே 2023

என் பையன் எட்டாவது முடித்திருக்கிறான். லீவு முழுக்க போனில் பக்கி வண்டி (குழாய்க் கூண்டு போட்டு மண் தடத்தில் ஓட்டுகிற சின்ன வண்டி) கட்டுகிற வீடியோதான். நாமும் ஒன்று கட்டலாமா அப்பா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பழைய மாருதி 800 ஒன்று முப்பதாயிரத்துக்குக் கிடைக்கிறது. பாடியை வெட்டி எறிந்துவிட்டு ஜிஐ குழாயில் கூண்டு அடித்தால் ஒரு மாதத்தில் ஓட்டிவிடலாம், லட்ச ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

7 மே 2023

நானும் என் மகனும் இப்போது ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். லட்ச ரூபாய் ஏறத்தாழ நடக்கும். ஒரு மாதம் நடக்காது. மாருதியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் எஞ்சினிலிருந்து தொடங்காதீர்கள்.

நான் கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிராயிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு (எங்கள் பக்கம் பெற்ற மகனையும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்) 14 வயது, பத்தாவது போகப்போகிறான். வண்டி ஓடப்போவது கிணத்துக்கடவு பக்கம் என் அண்ணன் தோட்டத்தில். தென்னைக்கு நடுவே செம்மண் தடம், ஒரு ஓரத்தில் மேடும் பள்ளமுமாகத் தரிசு.

நாங்கள் முதலில் அளந்தது தம்பியைத்தான். திண்ணையில் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, முதுகுக்கு இன்னொரு பலகையைச் சாய்த்து, ஹெல்மெட்டோடு உட்காரவைத்தோம். முழங்கால், முழங்கை, தோள், ஹெல்மெட் உச்சி எல்லாவற்றையும் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். கல்லூரி மாணவர்கள் கட்டும் பாஹா வண்டிகளுக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய போட்டி அது, இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. ஹெல்மெட்டுக்கும் கூண்டுக் குழாய்க்கும் நடுவே 152 மிமீ, உடம்பின் மற்ற பாகங்களுக்கும் குழாய்க்கும் நடுவே 76 மிமீ இடைவெளி வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த அளவைச் சேர்த்துத்தான் சுவரில் குழாய்க் கோடு போட்டோம். பிறகு தலைக்கு மேல் இன்னும் 15 செ.மீ. கூட்டினேன். இந்த வயதுப் பையன்கள் வளர்கிற வேகம் தெரியும்தானே.

அந்தச் சுவர்க் கோடுதான் எங்கள் முதல் டிராயிங்.

7 மே 2023, இரவு

ஒன்று விட்டுப்போனது. இந்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. "கொஞ்ச தூரம்தானே, ஊருக்குள்ளதானே" என்பதும் கிடையாது. வீட்டில் கட்டிய வண்டிக்கு மாதிரி ஒப்புதல் (பரிசோதித்துத் தரும் டைப் அப்ரூவல்) இல்லை, அதனால் பதிவும் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் பொது இடத்தில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இரண்டு தோட்டத்துக்கு நடுவே போகும் இட்டேரியும் பொது வழிதான். ஆற்று மணல், காட்டு ஓரம் எல்லாம் கனவிலும் வேண்டாம். சொந்த நிலமோ, உரிமையாளர் சம்மதித்த வேலி போட்ட நிலமோ இல்லையென்றால் இந்தத் திட்டத்தையே தொடாதீர்கள். வண்டியை எங்காவது கொண்டுபோக வேண்டுமானால் குட்டியானையில் ஏற்றித்தான் போக வேண்டும்.

14 மே 2023

எஞ்சின் கேட்டவருக்கு.

எங்களுக்கும் முதலில் மாருதி 800 யோசனைதான் வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 37 குதிரைத்திறன், ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது முன்சக்கரம் இழுக்கிற கார். முன்பக்க செட்டை (எஞ்சின், கியர், சக்கரம் எல்லாம் சேர்ந்தது) அப்படியே கழற்றிப் பின்னால் மாட்டுவதுதான் வழக்கம். அப்போது திரும்புவதற்கென்றே செய்த சக்கரம் பின்னால் போகிறது. அது திரும்பாமல் இருக்க டை ராடை (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) சேஸிஸோடு பூட்ட வேண்டும். ராடின் உள்முனை, சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் கீழ் ஆர்மின் கீல் அச்சுக்கு நேராக அமையவில்லை என்றால், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பும். ஸ்டீயரிங் நேராக இருக்கும், வண்டி மட்டும் வேறு பக்கம் போகும். நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை தெரிந்தவர்கள். அதோடு 14 வயதுப் பிள்ளைக்கு 37 குதிரைத்திறன் எதற்கு?

பைக் எஞ்சின் போட்டால் ரிவர்ஸ் இல்லை. டிஃபரன்ஷியலும் (திருப்பத்தில் இரண்டு பின்சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் பாகம்) இல்லை. தென்னந்தோப்பில் ரிவர்ஸ் இல்லாத வண்டி என்றால் இறங்கித் தள்ளுவதே வேலையாகிவிடும்.

தம்பிதான் ஆட்டோவைக் கண்டுபிடித்தான். ஸ்கூல் ஆட்டோவின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "அம்மா, எல்லாமே அங்கேயே இருக்கும்மா" என்றான். உண்மைதான். எஞ்சின், நாலு கியர், ரிவர்ஸ், டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் குட்டி டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு), ஆடும் ஆர்ம், ஸ்பிரிங், டிரம் பிரேக் எல்லாம் ஒரே கட்டாகப் பின்னால் இருக்கிறது. வெட்டி எடுத்து நம் கூண்டில் மாட்டலாம். சக்தி மாருதியில் ஏறத்தாழ கால்வாசி. எனக்கு அதுவே நிம்மதி.

உக்கடத்தில் பழைய வண்டிக் கடைகளில் தேடி, ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோ ஒன்றின் பின்பாதியை எடுத்தோம். பில்லும், பதிவை ரத்து செய்த காகிதமும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் நம்பர் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

15 மே 2023

"பத்துக் குதிரைத்திறன்கூட இல்லாத வண்டி மேடு ஏறுமா?" ஆட்டோவில் டிரைவரும் மூன்று பேரும் உட்கார்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையோடுதான் அது மருதமலை அடிவாரம்வரை தினமும் போகிறது. எங்கள் வண்டி பையனோடு சேர்ந்து 350 கிலோவுக்குள் நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். ஏறும்.

28 மே 2023

குழாய். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பட்ஜெட் வண்டிகளில் காசை மிச்சம் பிடிக்கத் தொடங்குவது இங்கேதான். பிடிக்கவே கூடாத இடமும் இதுதான்.

பாஹா விதியில் கூண்டின் முக்கியக் குழாய்க்கு அடிப்படை அளவு 25 மிமீ வெளிவிட்டம், 3 மிமீ சுவர், எஃகில் கார்பன் குறைந்தது 0.18 சதவீதம். அதற்குச் சமமாக அல்லது மேலாக வளைவு விறைப்பும் வலிமையும் இருந்தால் வேறு அளவும் போடலாம். தம்பியை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். 25.4 மிமீ விட்டம், 3 மிமீ சுவர் என்றால் மீட்டருக்கு 1.66 கிலோ. 38 மிமீ விட்டம், 2 மிமீ சுவர் என்றால் மீட்டருக்கு 1.78 கிலோ. எடை ஏழு சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ 2.7 மடங்கு. விட்டத்தின் நாலாம் அடுக்கு என்ன செய்யும் என்று அவன் கையால் போட்டுப் பார்த்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே. வகுப்பில் அடுக்குக்குறியைப் பார்த்துக் கொட்டாவி விட்டவன்.

ஆனால் சுவர் மெலிந்தால் வெல்டிங்கில் ஓட்டை விழும், கல் பட்டால் ஒடுங்கும். அதனால் 2 மிமீக்குக் கீழே இறங்கவில்லை. வாகன வேலைக்கென்றே ஐஎஸ் 3074 தரத்தில் குழாய் வருகிறது. கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கார்பன் அளவுக்கு மில் சான்றிதழ் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் வேறு சாமான், அது அழுத்தம் தாங்கச் செய்தது, உருண்டு விழுகிற வண்டியைத் தாங்க அல்ல.

29 மே 2023

ஜிஐ குழாய் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வெல்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த காய்ச்சல்தான். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். பால் உடம்புக்கு நல்லது, புகையைத் தடுக்காது. பூச்சு இருக்கிற இடத்தில் வெல்டும் சரியாகப் பிடிக்காது.

18 ஜூன் 2023

குழாயோடு குழாய் சேரும் இடத்தில் முனையை வளைவாக வெட்டி உட்காரவைக்க வேண்டும். நேராக வெட்டி, இடைவெளியை வெல்டால் நிரப்புவதை நிறையப் பேர் செய்கிறார்கள். பெயிண்ட் அடித்த பிறகு வித்தியாசம் தெரியாது, வண்டி உருளும்போதுதான் தெரியும்.

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். வெட்டு வளைவைக் கணக்கிட்டுத் தாளில் வரைந்து, அதைக் குழாயில் சுற்றி ஒட்டி, கோட்டின் மேலேயே கிரைண்டரை ஓட்டுவது. 38 மிமீ குழாய்கள் இரண்டு செங்குத்தாகச் சேர்ந்தால் வெட்டின் ஆழம் 19 மிமீ. முதலில் அட்டையில் செய்து பார்த்தான். கிரைண்டரை அவன் கையில் கொடுக்கும்போது மூன்று நிபந்தனை: வெட்டும் வட்டை மறைக்கும் காப்புத் தகட்டைக் கழற்றக் கூடாது, முகத்துக்கு முழு ஷீல்டு, நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கூண்டின் வெல்டிங்கை நாங்கள் செய்யவில்லை. பஸ் பாடி கட்டிய அனுபவமுள்ள வெல்டர் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மிக் வெல்டு அடித்தார். தம்பி பிடித்துக்கொடுத்தான், அளந்தான், சதுரம் பார்த்தான். சீட் தாங்கி, பேட்டரிப் பெட்டி மாதிரி உயிர் சம்பந்தப்படாத இடங்களில் அவனே அடித்தான். அண்ணன் வந்த முதல் நாளே தம்பி ஒரு வேலை சொன்னான், எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. "அங்கிள், முதல்ல ரெண்டு துண்டு ஒட்டிக் காட்டுங்க, உடைச்சுப் பார்க்கணும்." அவர் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே ஒட்டிக்கொடுத்தார். வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்தோம். குழாய் மடங்கியது, ஒட்டு பிளக்கவில்லை. மடங்கிய துண்டை அறுத்து உள்பக்கம் பார்த்தோம், ஊடுருவல் சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. "இவ்வளவு வருஷத்தில் என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்லை கண்ணு" என்று அவன் தோளில் தட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

2 ஜூலை 2023

"பையன் எவ்வளவு செய்கிறான், நீங்கள் எவ்வளவு?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கூண்டு, பெல்ட், பிரேக், ஸ்டீயரிங் நாலிலும் கடைசி வார்த்தை என்னுடையது. மற்ற எல்லாவற்றிலும் அவனுடையது, எனக்குப் பிடிக்காவிட்டாலும். எஞ்சின் அவன் தேர்வு. வாழைத்தண்டுப் பச்சை நிறமும் அவன் தேர்வுதான். நான் வேறு நிறம் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை.

டிராயிங்கில் "வரைந்தவர்" என்ற இடத்தில் அவன் கையெழுத்து, "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து. ஆபீஸில் எப்படியோ அப்படியே. கையெழுத்துப் போட ஆரம்பித்த பிறகு அவன் அளவு எழுதும் விதமே மாறிவிட்டது. சந்தேகமான இடத்தில் எழுதாமல் வந்து கேட்கிறான்.

23 ஜூலை 2023

முன்பக்கம். ஆட்டோவின் ஒற்றைச் சக்கரம் நமக்கு உதவாது. பழைய மாருதி ஆம்னி வேனின் முன் செட்டை எடுத்தோம். அது பின்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் முன் ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பாகம்) டிரைவ் ஷாஃப்ட் தொல்லை இல்லை. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கும் கூடவே வந்துவிடும்.

ஆம்னியின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 1840 மிமீ. எங்கள் வண்டியையும் அதற்கு ஒட்டியே வைத்தோம். ஏன் என்று தம்பி கேட்டான். வண்டி திரும்பும்போது உள்சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போக வேண்டும், அதனால் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது. மியூனிக்கில் லாங்கன்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் குதிரை வண்டிக்காக இதற்கு வழி கண்டார். அவருக்காக 1818-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய அக்கர்மன் பெயர்தான் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஸ்டீயரிங் ஆர்மின் சாய்வு வீல்பேஸைப் பொறுத்தது. ஆம்னி ஆர்மை வைத்துக்கொண்டு வீல்பேஸை இஷ்டத்துக்கு நீட்டினால் டயர் தேயும், திருப்பத்தில் இழுத்துக்கொண்டு போகும். தரையில் சாக்பீஸ், நூல், இரண்டு ஆணி வைத்து அரைமணி நேரத்தில் அவனே வரைந்து பார்த்துவிட்டான். "கண்டுபிடிச்சவர் ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்காம்மா?" என்று அவனுக்கு ரொம்ப வருத்தம்.

13 ஆகஸ்ட் 2023

சக்கரம். ஆட்டோவின் 4.00-8 டயர் விட்டம் சுமார் 41 செ.மீ., தோப்புக் குழிக்கு அது போதாது. நாலுக்கும் மாருதி 800 அளவு, 145/70 ஆர்12, சுமார் 51 செ.மீ. பின்சக்கரம் பெரிதாவதால் வேகம் 23 சதவீதம் கூடும், இழுவை 19 சதவீதம் குறையும். எங்கள் வண்டியின் எடை ஆளேற்றிய ஆட்டோவில் பாதிக்குச் சற்று மேல்தான் என்பதால் தாங்கும். பின் ஹப்பில் 12 அங்குல ரிம் உட்கார ஈஎன் 8 எஃகில் லேத்தில் தகடு கடைந்தோம். அலுமினியத்தில் மலிவாகச் செய்து தருவதாக ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். சக்கரம் கழன்று ஓடக்கூடிய இடம் அது.

8 அக்டோபர் 2023

மழை, வேலை நடக்கவில்லை. அதனால் ஊர்ப் பெருமை கொஞ்சம்.

"இந்தியாவில் இதெல்லாம் சரிவராது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். 1980களில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார், ஃபார்முலா மாருதி என்று பெயர். சாதாரண ஆள் ரேஸ் ஓட்ட ஒரு மலிவான கார் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்து ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். கையில் கிடைக்கிற எஞ்சினை வைத்துக் கட்டுவது இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

வெளியிலும் அப்படித்தான். ஃபைபர் உடம்புள்ள பக்கி வண்டிகளுக்கு முன்னோடியான மேயர்ஸ் மேங்க்ஸை 1964-இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்தது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சாமான்களை வைத்துத்தான். அவர் படகு கட்டுகிறவர். ஃபைபர் உடம்பு செய்யும் கை அங்கிருந்து வந்தது.

12 நவம்பர் 2023

பத்தாவது பொதுத்தேர்வு முடியும்வரை நிறுத்தம். அவன் கேட்கவில்லை, நான்தான் சாவியை என் அண்ணனிடம் கொடுத்தேன். கூண்டுக்கு பிரைமர் அடித்து தார்ப்பாய் மூடியாயிற்று. எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து.

21 ஏப்ரல் 2024

தேர்வு முடிந்தது. தார்ப்பாயை எடுத்ததும் தம்பி ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்த உயரம் மட்டும் ஐந்து செ.மீ. கூடியிருக்கிறது. சென்ற மே மாதம் கூட்டி வைத்த 15 செ.மீ. இப்போது சோறு போடுகிறது. ஆனால் தோள் பெல்ட் கட்டும் குறுக்குக் குழாயை மாற்ற வேண்டியிருக்கிறது. தோள் பட்டை தோளின் மட்டத்திலிருந்து பின்னால் போக வேண்டும், சற்றுக் கீழே இறங்கினாலும் பரவாயில்லை. ரொம்பக் கீழே கட்டினால் மோதும்போது முதுகெலும்பைக் கீழே அமுக்கும். பிள்ளைக்காகக் கட்டுகிறவர்கள் இந்தக் குழாயை மட்டும் இரண்டு உயரத்தில் பூட்டக்கூடிய மாதிரி முதலிலேயே திட்டமிடுங்கள், பின்னால் அறுத்து ஒட்டும் வேலை மிச்சம்.

பெல்ட் நாலு புள்ளிக்குக் குறையாதது, புதுசாக வாங்குங்கள். பழைய பட்டை வெயிலில் நைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

12 மே 2024

அண்ணன் களத்தில் கொப்பரை நிறுக்கும் தராசில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி எடை பார்த்தோம். மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். தம்பியோடு சேர்த்து 348 கிலோ, முன்னால் 132, பின்னால் 216.

இதில்தான் புதுப் பிரச்சினை. ஆம்னியில் அந்த முன் ஸ்பிரிங் இதைப் போல மூன்று மடங்கு சுமை தாங்கியது. எங்கள் வண்டியில் அது கல் மாதிரி நிற்கிறது. முன்பக்கம் அமுங்கவே இல்லை, பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது.

14 மே 2024

"ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிடுங்கள், மெத்தென்று ஆகிவிடும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். தலைகீழ். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் கெட்டியாகும். வண்டி தாழும், அதனால் மெத்தென்று ஆனது போலத் தோன்றும். விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கில் போகிறது. 12 மிமீ கம்பிக்குப் பதில் 10 மிமீ கம்பியில் அதே சுற்று, அதே அகலத்தில் சுற்றினால் விறைப்பு பாதிக்கும் கீழே வரும். குழாய்க் கணக்கில் பார்த்த அதே நாலாம் அடுக்கு. தம்பி நான் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டான். கோவையில் ஸ்பிரிங் சுற்றித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன, மாதிரியைக் காட்டினால் போதும். ஜோடி 2,400 ரூபாய் ஆனது.

2 ஜூன் 2024

எஞ்சின் ஓடுகிறது. நாலு சின்ன விஷயம். ஆட்டோ எஞ்சினைச் சுற்றி இருக்கும் தகர உறையைக் கழற்றாதீர்கள், விசிறிக் காற்று அதன் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. "திறந்து வைத்தால் நல்லாக் குளிரும்" என்பது தப்பு. காற்று வடிகட்டியைத் தலைக்குப் பின்னால் உயரத்தில் வையுங்கள், செம்மண் தூசி எஞ்சினைத் தின்றுவிடும். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவே முழுத் தகடு போடுங்கள், வெளியே நிற்பவர் கைக்கு எட்டுகிற இடத்தில் சிவப்பு நிற நிறுத்தும் பட்டன் வையுங்கள்.

16 ஜூன் 2024

பிரேக். முன்னும் பின்னும் தனித்தனி சர்க்யூட் உள்ள மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை பிரேக் எண்ணெய்க்குக் கொடுக்கும் பாகம்), எல்லா ரப்பரும் ஹோஸும் புதுசு. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும், முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். ஈரத் தரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தோம்.

அப்புறம் நின்ற தூரத்தை அளந்தோம். சைக்கிளுக்கு விற்கும் மலிவான ஸ்பீடோமீட்டரை முன்சக்கரத்தில் கட்டி, சக்கரச் சுற்றளவு 1.6 மீட்டர் என்று பதிந்தோம். சுண்ணாம்புக் கோடு ஒன்று, அதில் பெடலை மிதிக்க வேண்டும். முதலில் நான் ஓட்டினேன். 20 கி.மீ. வேகத்தில் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். 40-இல் மிதித்தேன், பதின்மூன்று மீட்டர் தாண்டித்தான் நின்றது. தம்பி டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான், கடைசிக் கோட்டுக்கும் முதல் தென்னைக்கும் நடுவே எவ்வளவு என்று தானாக அளந்தான், ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு போல்ட் போட்டிருந்தான். 25-க்கு மேல் போகாது. "எப்போம்மா ஃபுல்லா மிதிக்க விடுவ?" என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு என்பதை நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்த டேப் சொன்ன மாதிரி இருந்திருக்காது.

7 ஜூலை 2024

கணக்கு. தம்பியின் நோட்டிலிருந்து.

ஆட்டோ பின்பாதி 28,000. ஆம்னி முன் செட்டும் ரேக்கும் 9,000. குழாய் அறுபது மீட்டர், ஏறத்தாழ 107 கிலோ, 9,600. டயரும் ரிம்மும் பழையது, 8,000. வெல்டருக்கும் குழாய் வளைத்தவருக்கும் சேர்த்து 12,000, லேத் 5,000. பிரேக் சாமான் எல்லாம் புதுசு, 7,000. பெல்ட் 6,000, ஐஎஸ்ஐ ஹெல்மெட் 2,000, பழைய கார் சீட் 2,500. வயரிங், கேபிள், பெயிண்ட் 6,000. கட்டிங் வீல், வெல்டிங் கம்பி, போல்ட் நட்டு 5,000. ஸ்பிரிங் 2,400. மொத்தம் 1,02,500.

மேலே எண்களைப் பாருங்கள். ஓடவைக்கும் ஆட்டோ பின்பாதிக்குப் போட்டதை விட, நிற்பதற்கும் உருண்டால் பிழைப்பதற்கும் போட்ட காசு அதிகம். மாருதி எஞ்சினுக்கு ஆசைப்பட்டிருந்தால் இது தலைகீழாகியிருக்கும், அதே ஒரு லட்சத்தில். குறைக்க வேண்டும் என்றால் சக்தியில் குறையுங்கள். என் கருத்து இவ்வளவுதான், எத்தனை பேர் வந்து எஞ்சின் விவாதத்தைத் திறந்தாலும் மாறாது.

9 ஜூலை 2024

"இந்தக் காசுக்குப் பழைய ஏடிவி (மண் தடத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்) வாங்கியிருக்கலாமே." வாங்கியிருக்கலாம். அதில் கூண்டும் பெல்ட்டும் இருக்காது. அடுக்குக்குறியும் இருக்காது.

28 ஜூலை 2024

வண்டி நன்றாக ஓடுகிறது. சாரலில் செம்மண் வழுக்கும்போது பின்பக்கம் மெல்ல விலகுவதை அவன் இப்போது முதுகிலேயே உணர்கிறான், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம்தான் திருப்புகிறான். கை எப்போதும் கூண்டுக்குள் இருக்க பக்கவாட்டில் வலை கட்டியிருக்கிறோம். உருளும்போது கை தானாக வெளியே போகும், மனக்கட்டுப்பாடு உதவாது.

ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அடியில் விரிசலா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். வெளிர் நிறத்தில் கோடு உடனே தெரிகிறது, அந்தப் பச்சைக்கு இப்போது நானும் கட்சி. ஹப் தகட்டின் நட்டுகளை ஓட்டுவதற்கு முன்பு டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானர்) பார்க்கிறோம்.

11 ஆகஸ்ட் 2024

இரண்டாவது சீட் போடலாமா என்று கேட்டவருக்கு: எங்கள் கூண்டில் கூடாது. ஒருவருக்கு என்று அளந்த கூண்டில் இன்னொருவரை உட்காரவைத்தால் அவர் தலை குழாய்க்குப் பக்கத்தில் வரும். இரண்டு பேருக்கு வேண்டுமென்றால் முதல் கோட்டிலிருந்தே இரண்டு பேருக்கு வரையுங்கள்.

டிராயிங் கேட்டவர்களுக்கு: முன் செட்டைக் கட்டும் தாங்கி, ஹப் தகடு, பெடல் பெட்டி மூன்றுக்கும் தம்பி சுத்தமாக வரைந்துகொண்டிருக்கிறான், முடிந்ததும் போடுகிறோம். கூண்டு அளவு தரமாட்டோம், அது உங்கள் பிள்ளையின் அளவு.

அண்ணன் மகளுக்கு 13 வயது, அவளும் பழக வேண்டும் என்கிறாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் நகர்த்தினால் தோள் பட்டையின் கோணம் கெடும். அதனால் பெடல் பெட்டியை மூன்று இடத்தில் பூட்டுகிற மாதிரி மாற்றுகிறோம், பிரேக் ஹோஸுக்கு அதற்கேற்ற நீளம் விட வேண்டும். 6 மிமீ தகடு வாங்கியாயிற்று. இந்த முறை அவள் வரைகிறாள், தம்பி சரிபார்க்கிறான்.